மறு: போஸ்டர், பிரிண்ட், செராமிக் – ஓவியக்கலைக்கு மூன்று சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்காக, தொடங்கிவைத்த மடலிலிருந்து நான்கு வரி:

> கே.ஜி. சுப்ரமணியன் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓவியர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. பிரிண்ட், செராமிக் இரண்டும் பத்திக்குப் பத்தி வருகின்றன. அவருடைய ஆசிரியர் நந்தலால் போஸைத் தொட்டால் ஹரிபுரா போஸ்டரும் வந்துவிடுகிறது. மூன்றுக்கும் சொல் வேண்டும்.

அக்கா, நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டு, 1944இல் சாந்திநிகேதனுக்குப் போனவர். பொருளாதாரத்துக்கு நட்டம், நமக்கு லாபம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் பட்டறையை எட்டிப் பார்க்க வேண்டும். அச்சகத்திலும் பந்தல் போடுகிற இடத்திலும் சூளையிலும் பாதிச் சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. இல்லாததை மட்டும் நாம் செய்தால் போதும்.

> சுவரொட்டி இருக்க, போஸ்டருக்கு வேறு சொல் எதற்கு?

பொதுவாகச் சரிதான். சுவரொட்டி நன்றாக வேர்விட்ட சொல். கறிக்கடையில் சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல் என்பதுகூட அதை அசைக்கவில்லை. சினிமா, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் ஹரிபுராவில் நடந்தது வேறு.

1938 பிப்ரவரியில் குஜராத்தில் பர்தோலிக்குப் பக்கத்தில் அந்தக் கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் சுபாஷ் சந்திர போஸ். கிராமத்து மக்கள் போகிற வருகிற வழியில் பார்க்கும்படி கலை இருக்க வேண்டும் என்று காந்தி விரும்பினார். நந்தலால் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்து குவித்தார். கையால் செய்த தாளை அட்டையில் ஒட்டி, மண் நிறங்களால் தீட்டிய படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 அடிச் சதுரம். மத்தளம் அடிப்பவர், தையற்காரர், தச்சர், நூல் நூற்கிற பெண், காளையோடு மல்லுக்கு நிற்கிறவர் என்று ஊர் மக்களே படத்தில் இருந்தார்கள். பலர் ஒரு வளைவுக்குள், கோயில் மாடத்தில் நிற்கிற சாமியைப் போல நிற்பார்கள். நந்தலால் தம் கையால் வரைந்தவை 80க்கு மேல். மாணவர்கள் படியெடுத்ததையும் சேர்த்தால் சுமார் 400. இவை எதுவும் அச்சகத்துப் பக்கம் போனதில்லை. பசை தடவிச் சுவரில் ஒட்டியதும் இல்லை. மூங்கிலும் கீற்றுமாக எழுப்பிய வாயில்களிலும் பந்தல்களிலும் மாட்டினார்கள்.

இதற்கு நம் ஊரில் சொல் உண்டு: தட்டி. டீக்கடை வாசலில் நாளிதழ்த் தலைப்போடு சாய்ந்து நிற்பது தட்டி. தெருமுனையில் கட்சிக்காரர்கள் மூங்கில் பிளாச்சு அடித்து நிறுத்துவதும் தட்டி. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு கையால் தட்டி எழுதிப் பிழைத்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். தொழில் படுத்துவிட்டது, சொல் இன்னும் நடமாடுகிறது. ஆகவே ‘ஹரிபுரா தட்டி ஓவியங்கள்’ என்பது என் பரிந்துரை. அச்சடித்து ஒட்டுவதெல்லாம் வழக்கம்போலச் சுவரொட்டியாகவே இருக்கட்டும்.

> வெனிஸ் கண்காட்சி வரை போன படங்களைத் தட்டி என்றால் மதிப்புக் குறையாதா?

குறையாது. 2019இல் வெனிசுக்குப் போனது உண்மைதான். ஆனால் அவற்றை வரைந்தது வழிப்போக்கர் நின்று பார்ப்பதற்கு. பெயரில் கொஞ்சம் தெருப் புழுதி இருந்தால் நந்தலால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து பிரிண்ட். சண்டை அதிகம் நடந்தது இங்கேதான்.

இதுவரை வந்த முன்மொழிவுகள் பதிவோவியம், பதிப்போவியம், அச்சுப்படம், அச்சோவியம். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆனால் இங்கே இரண்டு பொருள்கள் ஒரே பெயரில் ஒளிந்திருப்பதை யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ஓவியரே கல்லிலோ தகட்டிலோ மரத்திலோ வேலை செய்து, அதிலிருந்து ஒற்றியெடுத்த தாள் ஒன்று. எப்போதோ வரைந்த ஓவியத்தைப் புகைப்படம் பிடித்து ஆப்செட்டில் அடித்த தாள் இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டும் பிரிண்ட். விவரம் தெரியாமல் வாங்குகிறவர் ஏமாறுவதும் இந்த ஒற்றைப் பெயரால்தான்.

தமிழிலாவது பிரித்துவிடுவோம். முன்னது அச்சோவியம், பின்னது அச்சுப்படம். சிவகாசி காலண்டரில் வருகிற முருகன் அச்சுப்படம். சுப்ரமணியன் தம் கையால் கல்லில் வரைந்து எடுத்தது அச்சோவியம். ரவிவர்மா எங்கே என்று உடனே கேட்பீர்கள். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் ஓடியவை பல வண்ணக் கல்லச்சுகள். மூல ஓவியம் அவருடையது. அதைப் பார்த்து நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து வரைந்தவர்கள் தொழில்நுட்பக்காரர்கள். என் கணக்கில் அவை அச்சுப்படங்கள். ஆனாலும் இது எல்லைக்கோட்டு வழக்கு, வாதாடுகிறவர்கள் வாதாடலாம்.

பதிவோவியத்தை நான் ஏன் ஏற்கவில்லை என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். பதிவு இன்று ஏகப்பட்ட சுமை தூக்குகிறது: பத்திரப் பதிவு, வலைப்பதிவு, முகநூல் பதிவு. ‘சுப்ரமணியனின் பதிவுகள்’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், முகநூலில் எழுதினார் போலிருக்கிறது என்பார்கள்.

அச்சு அப்படியில்லை. அச்சு வெல்லத்தில் இருக்கிற அச்சும் அதுதான், அச்சகத்தில் இருக்கிற அச்சும் அதுதான். வார்க்கும் உருவும் ஒற்றும் உருவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இது எவ்வளவு வசதி என்பதற்கு சோம்நாத் ஹோர் ஒருவரே போதும். சாந்திநிகேதனில் அச்சோவியத் துறையை வளர்த்தவர். 1971 முதல் ‘காயங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். களிமண் பரப்பில் கத்தியாலும் சூட்டுக்கோலாலும் கீறினார், குத்தினார். அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்தார். அந்த அச்சின்மேல் ஈரத் தாள்கூழைப் பரப்பி, காயவைத்து உரித்தார். மை கிடையாது, நிறம் கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஒரு வெட்டுக்காயம், ஓரத்தில் சதை பிதுங்கியதைப் போன்ற மேடு. மையை வைத்துச் சொல் கட்டியிருந்தால் இந்தப் படைப்பு வெளியே நிற்கும். அச்சு என்றால் உள்ளே வந்துவிடுகிறது.

> எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன் நான். நாங்கள் எச்சிங், லித்தோ, லினோ என்றுதான் சொல்வோம். யாரும் மாற்ற மாட்டார்கள்.

தம்பி, மாற்ற வேண்டாம். பட்டறையில் அப்படியே சொல்லுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒரு தொகுதி வேண்டும், அவ்வளவுதான். லித்தோவுக்குக் கல்லச்சு பழைய சொல், அதற்கு வேலை மிச்சம். அதன் தடத்திலேயே மற்றவற்றையும் போகவிடலாம்:

மேட்டச்சு: வெட்டாமல் விட்ட மேடு மையை வாங்கும். மரச்செதுக்கும், மரத்துக்குப் பதில் லினோலியம் விரிப்பைச் செதுக்குகிற லினோவும் இதில் வரும். 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் செய்த காந்தி லினோ எல்லோருக்கும் தெரியும். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாகக் கோலூன்றி நடப்பவர். அந்த வெள்ளை முழுக்க உளி தோண்டியெடுத்த இடம்.

குழியச்சு: இதற்கு நேர்மாறு. தோண்டிய குழியில் மை தங்கும். எச்சிங் இதில் ஒரு வகை. அமிலக் குழியச்சு எனலாம். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன வழியில் மெழுகு விலகும். அமிலத்தில் இறக்கினால் அந்த வழியை மட்டும் அரிக்கும். பிறகு மெழுகைக் கழுவி, மையைத் தேய்த்து நிரப்பி, மேல்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைக்குள் ஓட்டினால், தாள் குழிக்குள் போய் மையை எடுத்துக்கொண்டு வரும்.

கண்காட்சியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். படத்தைச் சுற்றி நீள்சதுரமாகத் தாள் அமுங்கியிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், விளிம்பு பளிச்சென்று தெரியும். தகடு அழுத்திய அடையாளம் அது. தகட்டுத் தடம் என்று பெயர் வைக்கலாம். ஆப்செட்டில் அடித்த தாளில் தானாக இது வராது.

திரையச்சு: ஸ்கிரீன் பிரிண்டிங். திருப்பூருக்குத் தெரியாத திரையச்சா! விளக்கம் தேவையில்லை.

கிருஷ்ணா ரெட்டி செய்தது மட்டும் தனியாக நிற்கும். ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, அடையாறு கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டுப் பாரிசுக்குப் போனவர். ஒரே தகட்டில் வெவ்வேறு ஆழங்களை வெட்டி, வெவ்வேறு அளவுக்கு எண்ணெய் கலந்த மைகளை மென்மையும் கடினமுமான உருளைகளால் உருட்டுகிற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். இளகிய மையும் கெட்டி மையும் ஒன்றோடொன்று சேராமல் விலகும் குணம்தான் சூட்சுமம். ஆங்கிலத்தில் விஸ்காசிட்டி பிரிண்ட், நம் பாடநூல் வழக்குப்படி பாகுநிலை அச்சு. யாழ்ப்பாணத்து ஐயா பிசுக்குமை அச்சு என்கிறார். காதுக்கு அதுதான் இன்னும் ஒட்டுகிறது என்று எனக்கும் படுகிறது. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

எடிஷனுக்குப் பதிப்பு, காப்பிக்குப் படி, புரூஃபுக்கு மெய்ப்பு. மூன்றும் புத்தகத் தொழிலில் இருப்பவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தாளின் அடியில் இடப்பக்கம் பென்சிலில் 3/25 என்று இருந்தால் ‘25 படிகள் கொண்ட பதிப்பில் 3ஆம் படி’. எண்ணில் சேராமல் ஓவியர் தமக்கென்று வைத்துக்கொள்வது ஓவியர் மெய்ப்பு.

கடைசியாக செராமிக்.

> சுட்டாங்கல் என்று இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் பாதிப் பேருக்குச் சொட்டாங்கல் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். இன்னொருவர் குயக்கலை என்று எழுதியிருந்தார். அது ஒரு சாதியாரின் பெயரோடு கட்டிய சொல்; கலைக்குப் பொதுப்பெயராக வைக்க எனக்கு மனமில்லை. வனைகலை அழகான சொல், ஆனால் சக்கரமும் பானையும் உடனே கண்முன் வந்து நிற்கின்றன. சுப்ரமணியன் பெரும்பாலும் சக்கரத்தில் உட்காரவில்லை. லக்னோ ரவீந்திராலயாவில் 1963இல் தாகூரின் நாடகம் ஒன்றை வைத்து அவர் செய்த பெரிய சுவர்ச் சித்திரம், ஓடு ஓடாகச் சுட்டுக் கோத்தது. 1971 வங்கதேசப் போரை ஒட்டிச் செய்த புடைப்புகளில் மண்ணைப் பலகையாகத் தட்டி, வெட்டி, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தியிருக்கிறார். தளபதியின் மார்பில் பதக்கங்கள் மண் வில்லைகளாக அப்பிக்கிடக்கும். சுட்டுவிட்டால் அந்த விரல் அழுத்தம் அப்படியே நின்றுவிடும்.

வனைந்தாலும் தட்டினாலும் அச்சில் வார்த்தாலும் கடைசியில் எல்லாம் சூளைக்குத்தான் போக வேண்டும். ஆகவே சுடுவதைப் பிடித்துக்கொள்வோம். சுடுமண் என்ற சொல்லை, அகழாய்வில் கிடைத்த உறைகிணறுகளின் புண்ணியத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரை அறிவார்கள். டெரகோட்டாவுக்கு அது நிலைத்துவிட்டது. செராமிக் என்ற முழுத் துறைக்கும் ‘சுடுமண் கலை’ போதும். பீங்கானைப் போர்சலினுக்கு விட்டுவிடலாம். ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்றுதான் வீட்டில் சொல்கிறோம், அது உண்மையில் ஸ்டோன்வேர் என்கிற கெட்டிச் சுடுமண் வகை. வீட்டுப் பேச்சைத் திருத்தப் போக வேண்டாம்.

உண்மையிலேயே சொல் இல்லாத இடம் கிளேஸ். மெருகு என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. மெருகு தேய்த்து ஏற்றுவது. நகைக்கும் பழைய கறுப்பு-சிவப்புப் பானைக்கும் அது பொருந்தும். கிளேஸ் தேய்ப்பதால் வருவதில்லை. மணற்சத்தும் அதை உருக்கும் பொருளும் கலந்த பூச்சு, சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடியாக மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ‘உருகுபூச்சு’ என்று முன்வைக்கிறேன். லக்னோ சுவர் அப்போது ‘உருகுபூச்சிட்ட சுடுமண் ஓடுகள்’ ஆகும். நாக்கில் புரள்கிறதா என்று சொல்லிப் பாருங்கள்.

விருத்தாசலம் பக்கம் இருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் ஓர் உதவி. அங்கே பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் தலைமுறையாகச் செய்கிறார்கள், செராமிக்குக்கென்றே பாலிடெக்னிக்கும் இருக்கிறது. சூளையில் அடுக்குவதற்கு முன் பொம்மையை முக்கி எடுக்கிற அந்தக் கலவையைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் என்ன பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்? கிளேஸ் என்றே சொன்னாலும் எழுதுங்கள். வேறு சொல் இருந்தால் உருகுபூச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். அதுவரை, அக்கா, தட்டி ஓவியம், அச்சோவியம், சுடுமண் கலை மூன்றையும் துணிந்து கட்டுரையில் போடுங்கள். கிளேஸ் வருகிற பத்தியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்