குற்ற வழக்கில் விடுதலையானவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டாமா?

ஆண்டர்சன்பேட்டை அருள்:

"கோர்ட்டு விடுதலை செய்தால் என்ன, துறை டிஸ்மிஸ் செய்தது செய்ததுதான்" என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள்.

கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இருந்தது. அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் பால் ஆண்டனி. 1985 ஜூன் 2ஆம் தேதி போலீஸ் அவர் வீட்டில் சோதனை போட்டு, 4.5 கிராம் ஸ்பாஞ்ச் தங்க உருண்டையும் 1,276 கிராம் தங்க மணலும் எடுத்ததாகச் சொன்னது. மறுநாளே சஸ்பெண்ட். அதற்கு அடுத்த நாள் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் குறிப்பாணை. குற்ற வழக்கு முடியட்டும், அதுவரை துறை விசாரணையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. சஸ்பென்ஷனில் இருப்பவருக்குத் தர வேண்டிய பிழைப்பூதியத்தையும் தரவில்லை. கையில் காசில்லாமல் கேரளாவில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கிருந்து தங்கவயலுக்கு வந்து போகக்கூட வழியில்லை. அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து, 1986 ஜூனில் டிஸ்மிஸ் செய்தார்கள்.

1987 பிப்ரவரியில் குற்ற வழக்கில் விடுதலை. அந்த வீட்டில் சோதனை நடந்ததும் பொருள் எடுத்ததுமே நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு. உடனே வேலையைத் திருப்பிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் 1995இல் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார், 1997இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. கடைசியாக உச்ச நீதிமன்றம் 1999 மார்ச் 30 அன்று வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. துறை விசாரணையிலும் அதே போலீஸ்காரர்களும் சோதனையின்போது உடன் இருந்ததாகச் சொன்ன அதே பஞ்ச் சாட்சிகளும்தான் சாட்சி சொன்னார்கள். கோர்ட்டு நம்பாத அதே கதையை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம் என்றது தீர்ப்பு.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். பதினான்கு வருடம் போராடி வாங்கிய வேலைக்கு இரண்டு வருடம்கூட ஆயுள் இல்லை. விடுதலையானால் வேலையும் சம்பளமும் தானாகவே திரும்ப வர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு வழக்கு நடத்த வைக்கக் கூடாது. என் கட்சி அதுதான்.

விசாரணை அலுவலர் (ஓய்வு):

தம்பி, அந்தத் தீர்ப்பை நானும் பலமுறை படித்திருக்கிறேன். அது சரியான தீர்ப்பு. ஆனால் "விடுதலையானால் தானாக வேலை" என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள், ஊழியர் இல்லாமல் நடந்த விசாரணை, பிழைப்பூதியம் தராதது எல்லாம் சேர்ந்ததால்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது.

நம் ஊர் வழக்கு ஒன்று சொல்கிறேன். 1999இல் குற்றாலம் சீசன் பாதுகாப்புக்கு அனுப்பிய ஆயுதப்படைக் காவலர் ஒருவர், இரவு 11 மணிக்குக் குடித்துவிட்டுத் தென்காசி பஸ் ஸ்டாண்டில், கணவனோடு நின்றிருந்த ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார் என்று குற்றச்சாட்டு. துறை விசாரித்து டிஸ்மிஸ் செய்தது. குற்ற வழக்கில் கணவன் மனைவி இருவரும் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள், அவர் விடுதலையானார். அந்த விடுதலையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வேலையும் வாங்கிவிட்டார். 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து டிஸ்மிஸ் செல்லும் என்றது.

உங்கள் விதிப்படி பார்த்தால் அந்தக் காவலர் மறுபடி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அதே பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார். அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

17 பி விசாரணைகள், அதாவது டிஸ்மிஸ் வரை போகக்கூடிய பெரிய குற்றச்சாட்டுகளுக்கான துறை விசாரணைகள், நிறைய நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிறோம். துறை விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அரசு வேலை யாருடைய சொத்தும் இல்லை, மக்கள் நம்பிக் கொடுத்த பொறுப்பு.

ஆண்டர்சன்பேட்டை அருள்:

ஐயா, அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். குற்ற வழக்கில் தண்டனை வந்துவிட்டால் துறை தனியாக விசாரிக்கவே தேவையில்லை, அரசியலமைப்பின் 311ஆவது பிரிவே அதற்கு வழி செய்கிறது. தீர்ப்பு நகலை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கோர்ட்டு சொன்னது துறைக்குச் சாதகமாக இருந்தால் அது வேதவாக்கு, ஊழியருக்குச் சாதகமாக இருந்தால் "எங்கள் விசாரணை வேறு" என்பீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

விசாரணை அலுவலர் (ஓய்வு):

இதில் முரண் எதுவும் இல்லை. அதிக ஆதாரம் கேட்கும் இடத்திலேயே ஒரு குற்றம் நிரூபணமானால், குறைந்த ஆதாரம் போதும் என்கிற இடத்தில் அதை மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே நிரூபணமாகவில்லை என்பதால் இங்கேயும் நிரூபணமாகாது என்று ஆகிவிடாது. கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், புரியும்.

செல்வி, பாவூர்சத்திரம்:

கணக்கு சரியாக இருக்கலாம் சார். அந்தக் கணக்குக்குள்ளே வாழ்ந்த வீடு எங்களுடையது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். லஞ்ச வழக்கில் பிடித்தார்கள். பணம் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். விதிப்படி முதல் ஆறு மாதம் பாதிச் சம்பளம், அப்புறம் முக்கால் வரை கூட்டலாம் என்பார்கள். ஆனால் மாதாமாதம் "நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதித்தான் கொடுத்தார். அந்தத் தாள் எங்கோ ஒரு மேசையில் தேங்கிக் கிடக்கும். பல மாதம் பணமே வராது. வேறு வேலைக்கும் போகக் கூடாது, அனுமதி இல்லாமல் ஊரைவிட்டும் போகக் கூடாது. பக்கத்துக் கடையில் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள், அப்பா பயந்துகொண்டு போகவில்லை. அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். ராத்திரி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுவார், காலையில் விரல் நுனியெல்லாம் கருத்துப் போயிருக்கும். ரேஷன் கடை வரிசையில் "லஞ்சம் வாங்கினவன் பெண்டாட்டி" என்று காதுபடவே பேசுவார்கள்.

துறை விசாரணை மாவட்டத் தலைநகரில் நடந்தது. சில தேதிகளுக்கு அப்பாவால் போக முடியவில்லை. டிஸ்மிஸ். அப்புறம் பல வருடம் கழித்து, பணம் கேட்டார் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று கோர்ட்டு விடுதலை செய்தது. டிஸ்மிஸை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஓய்வு வயதும் தாண்டிவிட்டது. இனி வேலை வேண்டாம், ஓய்வூதியமும் பேரும் திரும்பக் கிடைத்தால் போதும் என்கிறார்.

அதே சாட்சி, அதே இழுப்பறை. துறைக்கு மட்டும் எப்படி அது நிரூபணமாகிறது?

மேலூர் நாகராஜன்:

செல்வி தங்கச்சி, உங்கள் அப்பாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. புகார் கொடுத்தவன் பக்கமும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதை இங்கே யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டார்கள் என்று நான் புகார் கொடுத்தேன். ரசாயனப் பொடி தடவிய நோட்டை என் கையாலேயே கொடுத்தேன். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கியதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. சாட்சி சொல்லப் போகிற ஒவ்வொரு முறையும் கூலி போகும். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "பிள்ளைகுட்டிக்காரன்பா, விட்டுக்கொடு" என்றார்கள். நிலத்தை அளக்க யாரும் வரமாட்டார்கள் என்று மிரட்டலும் வந்தது. நான் பிறழவில்லை. ஆனால் என்னோடு வந்த இன்னொரு சாட்சி பிறழ்ந்தார். அவரை நான் திட்டவும் மாட்டேன்.

இப்படி வந்த விடுதலையை வைத்துக்கொண்டு அந்த ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்தால், அடுத்த முறை வாரிசுச் சான்றிதழுக்கு நான் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். என் மனுவின் கதி என்ன ஆகும்? "தானாக வேலை" என்று எழுதுகிற அருள் அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆண்டர்சன்பேட்டை அருள்:

நாகராஜன், உங்கள் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன். சாட்சியைக் காப்பாற்ற முடியாதது அரசின் தோல்வி. அதைச் சரிசெய்யாமல், விடுதலையான எல்லோரையும் குற்றவாளியாகவே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. பிறழ்சாட்சியால் தப்பியவரும் செய்யாத குற்றத்துக்கு மாட்டியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், துறை இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது.

வக்கீல் தமிழ்ச்செல்வன், மதுரை:

ஊழியர்களின் பணி தொடர்பான சர்வீஸ் வழக்குகள்தான் என் பிழைப்பு. அந்த வரிசையைப் பிரிப்பதற்குத்தான் நீதிமன்றங்கள் இவ்வளவு காலமாகப் பாடுபடுகின்றன.

முதலில் ஒரு திருத்தம். பால் ஆண்டனி பொதுத்துறை ஊழியர், அவருக்கு 311 பொருந்தாது. அது அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டும். ஆனால் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிற இயற்கை நீதி இருவருக்கும் ஒன்றுதான்.

சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்றால் வேலை கிடையாது, கௌரவமான விடுதலை என்றால் உண்டு என்று வெகுநாளாக ஒரு வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் நீதிபதி எந்தச் சொல்லைப் போட்டார் என்பதைப் பொறுத்து ஒருவர் குடும்பமே நிற்கும் அல்லது விழும். 2023 டிசம்பரில் ராஜஸ்தான் காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அந்தச் சொற்கள் மந்திரம் இல்லை, தீர்ப்பின் உள்ளே சாட்சியங்களை எப்படி அலசியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. மதிப்பெண் பட்டியலில் பிறந்த தேதியைத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. வேலையும் 50 சதவீத நிலுவைச் சம்பளமும் கிடைத்தது. ஆகவே தென்காசி வழக்கும் தங்கவயல் வழக்கும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. முதலாவதில் சாட்சி வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் சாட்சி பேசியும் கோர்ட்டு நம்பவில்லை.

செல்வி மேடம், நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது பிழைப்பூதியம்தான். 1973இலேயே மத்தியப் பிரதேச வனச்சரகர் ஒருவர் வழக்கில், பிழைப்பூதியம் தராமல், அவர் இருந்த ரீவாவிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி ஜகதல்பூரில் விசாரணை நடத்தியதற்காகவே டிஸ்மிஸ் ரத்தானது. உங்கள் ரிட் மனுவில் இந்த வாதம் இருக்கிறதா? இல்லையென்றால் கூடுதல் மனுவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வயது தாண்டியது பரவாயில்லை, டிஸ்மிஸ் ரத்தானால் ஓய்வு பெறும் நாள் வரை பணியில் இருந்ததாகக் கொண்டு ஓய்வூதியம் கேட்கலாம்.

நிலுவைச் சம்பளத்துக்கும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிர ஆசிரியை ஒருவர் வழக்கில் 2013இல் சொன்னது இது: தவறான பணிநீக்கம் என்றால் நிலுவைச் சம்பளம் தருவதே வழக்கம். ஆனால் இடையில் வேறு வேலை பார்க்கவில்லை என்று ஊழியர் முதலில் மனுவில் சொல்ல வேண்டும். அந்த வரியை எழுதாமல் விட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

விசாரணை அலுவலர் (ஓய்வு):

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிழைப்பூதியம் தரவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. அதனால்தான் விசாரணைக்கு வர முடியவில்லை, தன் தரப்பு கெட்டது என்று ஊழியர் காட்ட வேண்டும் எனப் பின்னால் வந்த தீர்ப்புகள் சொல்கின்றன. செல்வி அம்மா, அப்பா அப்போது அதை எழுத்தில் கொடுத்தாரா? நான் விசாரணை அலுவலராக இருந்தபோது அப்படி ஒரு கடிதம் வந்தால் தேதியைத் தள்ளி வைப்பேன், பணம் ஏன் போகவில்லை என்று அலுவலகத்தையும் கேட்பேன். அப்படிக் கேட்காமல் "ஆஜராகவில்லை" என்று மட்டும் எழுதி மூடியிருந்தால் அது விசாரணையே இல்லை.

செல்வி, பாவூர்சத்திரம்:

கொடுத்தார் சார். பதிவுத் தபாலில் அனுப்பினார், ஒப்புகை அட்டை வீட்டில் இருக்கிறது. ரப்பர் முத்திரையும் தேதியும் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கடிதம் விசாரணைக் கோப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஐயில் கேட்டு நாளைக்கே மனு போடுகிறேன்.

விசாரணை அலுவலர் (ஓய்வு):

அப்படியென்றால் அந்த டிஸ்மிஸ் நிற்காது, நிற்கவும் கூடாது. கோப்பின் பக்க எண்ணோடு நகல் கேளுங்கள். ஆனால் அருள் தம்பிக்கு மறுபடியும் சொல்கிறேன்: செல்வியின் அப்பா ஜெயிக்க வேண்டியது விசாரணை முறைகேடாக நடந்ததால். குற்ற வழக்கில் விடுதலையானார் என்பதால் மட்டும் இல்லை.

ஆண்டர்சன்பேட்டை அருள்:

செல்வி, அட்டையை நகல் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் அன்றைக்கு விசாரித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. என் கேள்வி மட்டும் அப்படியேதான் நிற்கிறது. பதிவுத் தபால் போட வேண்டும் என்று தெரியாத கடைநிலை ஊழியர், அட்டையைத் தொலைத்தவர், ரிட்டுக்கு வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடியாதவர், இவர்களும் விடுதலையாகிறார்கள். அவர்கள் வேலையை அவர்களே தேடிப்போய்க் கெஞ்சி வாங்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலை. விடுதலைத் தீர்ப்பு வந்ததும் துறையே அதை எடுத்துப் படித்து, தன் பழைய உத்தரவை மறு ஆய்வு செய்து, காரணத்தோடு ஒரு பதில் தர வேண்டும் என்று விதி போட்டால் உங்களுக்கு என்ன ஆட்சேபம்? நாகராஜனும் சொல்லட்டும்.

மேலூர் நாகராஜன்:

மறு ஆய்வுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை அண்ணா. அந்த மறு ஆய்வில் புகார் கொடுத்தவனையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வேலை திரும்பக் கொடுத்தாலும் என் ஊர் ஃபைல் அவர் மேசைக்குப் போகக் கூடாது. இந்த இரண்டையும் விதியில் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.