ஏலத்துல எடுத்த காலணா: உங்க முதல் அனுபவத்தையும் சொல்லுங்க

கொங்குக்காரன்:

வணக்கமுங்க. ஆன்லைன் ஏலத்துல கையச் சுட்டுக்கிட்ட கதைய நானே முதல்ல சொல்லிடறேன். அப்பத்தான் மத்தவங்களும் கூச்சப்படாம எழுதுவீங்க.

எங்க அப்பாரு போனப்புறம் அவரோட சுருக்குப்பையில 1940-கள்ல அடிச்ச ஓட்டைக் காலணா ஒண்ணு கிடைச்சுது. அதுக்கு ஜோடியா கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காலணா வேணும்னு ஈபேங்கற ஏலத் தளத்துல தேடினேன். அமெரிக்காவுல ஒருத்தர் 1835 காலணாவ 1 டாலர்ல ஏலம் விட்டிருந்தார். ஒரு பக்கத்துல, ரெண்டு சிங்கம் தாங்கி நிக்கிற கம்பெனி முத்திரை. பார்த்ததுமே மனசு போயிருச்சு.

8 டாலர் போட்டேன். போட்ட நொடியே "உங்களை ஒருவர் முந்திவிட்டார்"ங்கற மாதிரி வந்துச்சு. 10 போட்டேன். மறுபடியும் அதே. 15, 20, 26... எவனோ ஒருத்தன் ராத்திரி பூரா கண் முழிச்சு எனக்கு எதிராவே உக்காந்திருக்கான்னு நினைச்சு வெறி ஏறிருச்சுங்க. 31-ல நான் முன்னுக்கு வந்தேன். அஞ்சு நிமிசத்துல ஏலம் முடிஞ்சுது. ஊட்டுக்காரியை எழுப்பி "ஜெயிச்சுட்டேன்"னு சொன்னேன்.

அப்புறம் விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லித்தான் புரிஞ்சுது, அந்தாளு அந்நேரம் குறட்டை விட்டுட்டிருந்திருப்பான். அங்க நாம போடற தொகை உடனே கேக்கற விலை இல்லீங்க, நம்ம உச்சவரம்பு. அவன் என்னிக்கோ 30 டாலர்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டான். எதிராளி வரும்போது மட்டும் கம்ப்யூட்டர் அவன் சார்பா ஒரு படி ஏத்திக் கேக்கும். 5 டாலர்ல இருந்து 25 வரைக்கும் ஒரு படின்னா 50 சென்ட், அதுக்கு மேல 100 வரைக்கும் 1 டாலர். நான் ராத்திரி பூரா கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டியிருக்கேன். முதல்லயே நம்ம தொகை இவ்வளவுதான்னு ஒரே தடவ எழுதியிருந்தா 8 டாலரோட தோத்துட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கலாம்.

தபால் செலவு 14 டாலர் தனி. அத ஏலம் முடிஞ்சுதான் பார்த்தேன். அடுத்த மாசம் இங்க ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனா, அதே 1835 காலணாவ டப்பாவுல குமிச்சு வச்சிருக்காங்க, 300 ரூபா! வருசத்த மாத்தாமயே கம்பெனிக்காரன் அடிச்சுத் தள்ளியிருக்கான்.

இப்ப அத வெளிநாட்டுக்கே வித்துப்போடலாமான்னு யோசனை. வித்துப் பழகினவங்க சொல்லுங்க.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி, வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சனான், கோவிக்காதேங்கோ. விக்கிறதில நான் விட்ட பிழையையும் கேளுங்கோ.

நான் முதல் முதல் வித்தது மாமியின்ர தையல் மெஷின், கையால சுத்துறது. மாமி காலமானாப்பிறகு வீட்டில வைக்க இடமில்லை. 99 பென்சில துவங்கி ஏழு நாள் ஏலம். பிள்ளையள் படுத்தாப்பிறகு படமெடுத்து, விபரம் எழுதி, நான் அதைப் போடேக்க சாமம் ரண்டு மணி. துவங்கின அதே மணிக்குத்தான் ஏலம் முடியும் எண்டு எனக்கு ஆர் சொன்னது? ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை சாமம் ரண்டு மணிக்கு முடிஞ்சுது. பதினேழு பேர் பாத்துக்கொண்டிருந்தவை, கடைசி நேரம் முழிச்சிருந்தது ரண்டு பேர். 4 பவுண் 20 பென்ஸ்!

வாங்கின கிழவர் காரில வந்து தூக்கிக்கொண்டு போனவர். "நேரில வந்து எடுக்கவேணும்" எண்டு எழுதினது ஒண்டுதான் நான் செய்த புத்தியான வேலை. அந்த இரும்பைத் தபாலில அனுப்பியிருந்தா என்ர காசுதான் போயிருக்கும். மாமியின்ர மகன், அதுதான் என்ர மனுசன், ரண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

இப்ப எதையும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடியிற மாதிரித்தான் போடுறனான். சனம் சாப்பிட்டுட்டு போனோட இருக்கிற நேரம். விளிம்பு உடைஞ்ச கோப்பையெண்டா உடைஞ்ச இடத்தைத்தான் முதல் கிட்டவா படமெடுப்பன். மறைச்சு வித்தா திரும்பி வரும், போற தபால் காசும் வாற தபால் காசும் எங்கட தலையில. தபால் கந்தோரில அனுப்பினதுக்கு ரசீது கேட்டு வாங்குங்கோ. ஒருக்கா ஒரு பீங்கான் சாடி வந்து சேரேல்லை எண்டு வாங்கின ஆள் சொல்லிச்சுது. என்னட்ட ரசீது இல்லை, முழுக்காசையும் திருப்பிக் குடுத்தன்.

2024 ஒக்டோபரில இருந்து இங்க பிரித்தானியாவில வீட்டுச் சாமான் விக்கிற ஆக்களிட்ட ஈபே கழிவுக்காசு (கமிஷன்) எடுக்கிறேல்லை, வாகனம் தவிர. ஆனா வருசத்தில 30 சாமானோ அதுக்கு மேலயோ வித்தா விபரம் வரிக்கந்தோருக்குப் போகும். பாவிச்ச சாமானை விக்கிறது வேற, விக்கவெண்டே வாங்கிறது வேற. ரண்டாவது யாவாரம்.

பூஞ்சைலென்ஸ்:

சென்னையில இருந்து. நான் ஜப்பான்ல இருந்து பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் வாங்கற ஆள். பேரைப் பார்த்தாலே கதை தெரிஞ்சிருக்கும்.

முதல் லென்ஸோட விவரத்துல "கொஞ்சம் தூசி, படத்தைப் பாதிக்காது"ன்னு போட்டிருந்தாங்க. எல்லாப் படமும் முன்பக்கம் மட்டும். பார்சலைப் பிரிச்சு, பின்னாடி இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இப்ப ஏலம் முடியறதுக்கு முன்னாடியே "டார்ச் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா"ன்னு கேட்டுடறேன். அனுப்பினா நல்ல ஆள். பதில் வரலேன்னா அதுவும் ஒரு பதில்தான். "சோதிக்கவில்லை"ன்னு எழுதியிருந்தா, சோதிச்சாச்சு, வேலை செய்யலைன்னே நான் எடுத்துக்குவேன். ஜப்பான்காரங்க "ஜங்க்"னு, அதாவது உதவாத சாமான்னு எழுதினா திருப்பித் தர முடியாது, கேள்வியும் கேட்கக்கூடாது.

கொங்கு அண்ணனுக்கு ஒண்ணு. ஈபேல கடிகாரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். அதனால தெரிஞ்சவங்க கடைசி அஞ்சு பத்து நொடியில வந்து ஒரே போடா போடுவாங்க. நானும் அதான் செய்வேன், எதிராளிக்கு வெறி ஏற நேரமே இருக்காது. இதே வித்தையை ஜப்பான் யாஹூ ஏலத்துல காட்டி அசடு வழிஞ்சேன். அங்க பெரும்பாலான ஏலத்துல கடைசி 5 நிமிஷத்துக்குள்ள யாராவது விலை ஏத்தினா, தானாவே இன்னொரு 5 நிமிஷம் நீளும். அப்படியே முக்கால் மணி நேரம் இழுத்துச்சு. நான் பாதியில எழுந்து தோசை ஊத்தப் போயிட்டேன்.

அங்க வாங்க இடைத்தரகர் கம்பெனி வேணும். அவங்க கூலி, அங்க உள்ளூர்த் தபால், இங்க வர்ற தபால், சுங்க வரி எல்லாம் சேர்த்துதான் லென்ஸோட விலை. இதை ஒரு தாள்ல கூட்டி, அதுல இருந்து பின்னோக்கிக் கழிச்சு வர்ற தொகையைத்தான் போடுவேன். பாதி நேரம் அந்தத் தொகை மைனஸ்ல வரும்!

மலைக்கோட்டை:

கொங்குத் தம்பிக்கு ஒரு கசப்பான செய்தி. அந்தக் காலணாவை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது நிறைந்த நாணயம் தொல்பொருள். அதை நம்மைப் போன்ற தனியாள் ஏற்றுமதி செய்யக்கூடாது. அது அமெரிக்காவில் இருந்து வந்ததாயிற்றே என்று தபால் அலுவலகத்தில் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளூரில் விற்கத் தடையில்லை.

என் அனுபவம் இரண்டு. நாணயம் சேர்க்கத் தொடங்கிய புதிதில், 1818 என்று பொறித்து, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் "கிழக்கிந்தியக் கம்பெனி ஓரணா" என்றிருந்த செம்புக்காசை ஏலத்தில் எடுத்தேன். பூஜை அறையிலும் வைத்துவிட்டேன். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை என்று பிறகு ஒரு பெரியவர் சொன்னார். இன்றும் அது ஏலத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து நகைத் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 1835 காலணா 6.47 கிராம். தேய்ந்து சற்றுக் குறையலாம், கூடினால் சந்தேகம்தான். 1939 வெள்ளி ரூபாய் மலிவாக வந்தால் தராசுகூட வேண்டாம், அப்படியே நகர்ந்துவிடுங்கள். அரிய காசு என்பதால் போலியும் ஏராளம்.

இரண்டாவது என் சித்தப்பா கதை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒரு விளம்பரம். நோட்டின் படத்தை அனுப்பினார். "உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் 1,500 அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினார். பிறகு ஜி.எஸ்.டி. என்று 6,000 கேட்டார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதம் வேறு! அப்போதுதான் என்னிடம் வந்தார். பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. அதைக் காட்டிய பிறகும், "ஒருவேளை உண்மையாக இருந்தால்?" என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கொங்குக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. மலைக்கோட்டை ஐயா எழுதினதப் பார்த்துட்டு நகைக்கடையில குடுத்து நிறுத்துப் பார்த்தேன், 6.4 கிராம். கடல் தாண்டிப் போயி, கடல் தாண்டி வந்த காலணா, இனி எங்கியும் போகாது. அப்பாரு சுருக்குப்பையில ஓட்டைக் காலணாவோடயே போட்டு வச்சுட்டேன்.

அடுத்த ஏலம் ஞாயித்துக்கிழமை முடியுது. தொகைய ஒரே தடவ எழுதி வச்சாச்சு. அந்த 14 டாலர் தபால் செலவு மட்டும் ஊட்டுக்காரிக்கு இன்னும் தெரியாதுங்க.