தளவழுவும் தள வழுவமைதியும்: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே நிரல் ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் பிறழ்ந்தும் இயங்கும் குறைக்கு, நம் கணிச்சொற்பட்டியலுக்காக ‘குறுக்குத்தளப் பொருந்தாமைப் பிழை’, ‘இயங்குதள வழு’ என்னும் இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவதில் உள்ள ‘குறுக்கு’ நமக்குத் தடையையும் குறுக்குவழியையும்தான் நினைவூட்டும். இரண்டாவது நல்ல சொல்லே; ஆனால் அதன் பொருள் குறுகியது என்பதை எங்கள் ஊர் ஆறுகளைக் கொண்டே காட்டலாம்.

மன்னார்குடியில் எங்கள் மாலை வகுப்பு மாணவர்கள் நீர்மட்டக் குறிப்புகளை ஆற்றுக்கொரு கோப்பாகச் சேர்த்துப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரலால் தொகுக்கிறார்கள். பழைய மேக் கணினி ஒன்றில் அந்நிரல் காவிரி, வெண்ணாறு, பாமணியாறு ஆகியவற்றைக் கண்டுகொண்டது. கொள்ளிடமும் கோரையாறும் மட்டும் இல்லை என்றது. எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையில் ஒகர, ஓகார உயிர்மெய்க் குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். அக்கணினியின் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிப்பதால், கோப்புப் பெயர்களைக் கேட்டறியும் லிஸ்ட்டிர் கட்டளை தரும் பட்டியலிலும் அவ்வடிவே வருகிறது; மாணவர்கள் நிரலில் தட்டச்சிட்டதோ சேர்ந்த வடிவம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களும் ஒப்பீட்டில் சமமாவதில்லை. பைத்தானின் யூனிகோடுடேட்டா என்னும் நிரல்கூற்றிலுள்ள நார்மலைஸ் கட்டளையைக் கொண்டு இரண்டையும் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு தொகுப்பு நிறைவுற்றது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் முறைமையோ கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கிறது. இயங்குதளம் மாறாமலே விளைவு மாறுகிறது. எனவே இதை ‘இயங்குதள வழு’ என்பது பொருந்தாது. நாளையும் நேரத்தையும் எழுத்தாக்கும் ஸ்டிராஃப்டைம் கட்டளை அந்தந்தக் கணினியிலுள்ள சி மொழியின் ஆயத்த நிரல் தொகுப்பான சி நூலகத்தைச் சார்ந்து வேறுபடுவதும் இத்தகையதே.

ஆகவே, இயங்குதளம், கோப்பு முறைமை, நூலகம் என நிரல் இயங்கும் சூழல் முழுவதையும் ‘தளம்’ எனக் கொண்டு, ‘தளவழு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். திணைவழு, பால்வழு, காலவழு என வழு எதில் நேர்கிறதோ அதை முன்வைத்துச் சொல்வது நம் இலக்கண மரபு. அம்மரபு இன்னொரு பேறும் தருகிறது. பசுவைப் பார்த்து உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது இலக்கணப்படி பிறழ்ச்சியே என்றாலும், காரணம் பற்றி ஏற்கப்படுவதால் அது வழுவமைதி ஆகிறது. பைத்தானோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான செந்தர நூலகத்திலும் அதன் ஆவணமே ஒப்புக்கொள்ளும் வேறுபாடுகள் பல உண்டு. அவற்றை ‘தள வழுவமைதி’ என்போம். இந்த இரண்டாம் சொல்லையே நான் பெரிதும் வேண்டுகிறேன்.

கோப்பின் பெயரை மாற்றும், ஓஎஸ் நிரல்கூற்றின் ரீநேம் கட்டளை, இலக்குப் பெயரில் ஏற்கெனவே கோப்பிருந்தால் லினக்ஸில் ஓசையின்றி அதை மாற்றீடு செய்யும். விண்டோஸில் பிழை எழுப்பும். ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்வதால் இது வழுவமைதி. எங்கும் ஒரே நடத்தை வேண்டுவோர் பைத்தான் 3.3 பதிப்பு முதல் உள்ள ரீபிளேஸ் கட்டளையைப் பயன்படுத்தலாம். கோப்பைத் திறக்கும் ஓபன் செயற்கூற்றில், எழுத்துகள் எம்முறையில் பைட்டுகளாகப் பதியப்பட்டுள்ளன என்னும் குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் விடுவது தமிழருக்கு இன்னும் கொடிது. இந்திய ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸில் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான சிபி-1252 அட்டவணையைக் கொள்ளும். யூனிகோடு எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகளாக அமையும் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசிப் பைட்டுக்கு அவ்வட்டவணையில் எழுத்தே இல்லை. ஆதலால் ஒரு மெய்யெழுத்து இருந்தாலே கோப்பைப் படிக்கும்போது பிழை எழும். இவ்வழுவமைதியை நீக்கி, 3.15 பதிப்பில் யூடிஎஃப்-8ஐ இயல்பாக்க, பெப் எனப்படும் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவுகளில் 686ஆவது ஏற்கப்பட்டுள்ளது.

வழுநீக்குவோர் முதலில் கேட்கவேண்டியது, இவ்வேறுபாட்டை ஆவணம் கூறுகிறதா என்பதே. கூறினால் திருத்தவேண்டியது நம் நிரல். கூறாவிட்டால், இயன்ற அளவு சிறிய சான்று நிரலுடன், இயங்குதளம், கோப்பு முறைமை, பதிப்பு ஆகியவற்றையும் குறித்து நூலகத்தாருக்குத் தளவழுவாக அறிவிக்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் இந்தக் கேள்வி எழாமலே போகிறது. வழுவமைதிகளை நூலகத்தாரிடம் முறையிட்டு மாணவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள்.

சொற்பட்டியலில் ‘தளவழு’வைச் சேர்த்தும் ‘தள வழுவமைதி’யைப் பிரித்தும் பதியலாம் என்பது என் கருத்து, முன்னதைப் பிரித்தால் தேடலில் ‘தள’ என்பது இணையதளம் பற்றிய பதிவுகளோடு கலந்துவிடும். மாற்றுக்கருத்து உடையோர் தம் எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டுகிறேன்.