மான்சனார் முகாமில் எது அசல், எது பிறகு கட்டியது?

மரவாடி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஆர்வைனில் இருக்கிறோம். அடுத்த மாதம் 395ஆம் நெடுஞ்சாலை வழியாக மேமத் லேக்ஸ் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் கூட வருகிறார். காரைக்குடியில் ரொம்பக் காலம் மரவாடி வைத்திருந்தவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் நிலையைத் தட்டிப் பார்க்கிற ஆள்.

வழியில் மான்சனார் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து அடைத்த இடம் என்று சொன்னேன். உடனே, "அந்தக் காலத்துக் கட்டடம் ஏதாவது நிக்குதா, இல்ல சினிமாக்காரன் மாதிரி செட்டு போட்டு வச்சிருக்கானா?" என்று கேட்டார். படங்களில் பார்த்தால் பாரக்குகள் (குடும்பங்களைத் தங்கவைத்த நீளமான மரக் கொட்டகைகள்) நேற்றுக் கட்டியது போலத்தான் இருக்கின்றன. அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எது அசல்? அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. இரண்டு மணி நேரம் போதுமா?

வண்டிச்சக்கரம்:

போன வருடம் நிறுத்தினோம். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். கண்ணுக்கெட்டிய வரை புதர்தான், நடுவில் நாலைந்து கட்டடம். பாத்ரூம் சுத்தமாக இருந்தது. குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் அலபாமா ஹில்ஸ் போங்கள், பாறைகள் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அம்மா, நான் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது லான்காஸ்டரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப் போகிற இடம் அது. உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிச்சக்கரம் தம்பி சொன்னது போலக் காரில் இருந்தபடியே பார்த்தால் புதர்தான் தெரியும். ஆனால் அந்தப் புதர் இருக்கிற இடத்தில் 36 பிளாக்குகள் இருந்தன. பிளாக்குக்கு 14 பாரக். ஒவ்வொரு பாரக்கும் 20 அடிக்கு 100 அடி. அதை நாலாகத் தடுத்து, 20க்கு 25 அடி அறை ஒன்றில் எட்டுப் பேர் வரை போட்டார்கள். நம்மூர் அரசுப் பள்ளி வகுப்பறையை விடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு எண்ணெய் அடுப்பு, தொங்குகிற ஒரு பல்பு, வைக்கோல் திணித்த மெத்தை, அவ்வளவுதான். உச்சத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் பாரக்குகளில் ஒன்றுகூட இன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை.

அசலாக, போட்ட இடத்திலேயே நிற்பவை என்று பார்த்தால் வாசலில் இரண்டு கல் காவல் கூண்டுகள், ஆடிட்டோரியம், கடைசியில் இடுகாட்டில் ஒரு வெள்ளைத் தூண்.

காவல் கூண்டுகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 395இலிருந்து திரும்பியதும் இருக்கும். கட்டியவர் ரியோசோ காடோ என்ற கொத்தனார், அவரே உள்ளே அடைபட்டவர். தன்னைக் காவல் காக்க வந்தவர்களுக்கு அவர்தான் கூண்டு கட்டிக் கொடுத்திருக்கிறார். அதை ஏனோதானோ என்று கட்டவில்லை. கல்லைத் தேர்ந்தெடுத்து, கோயில் கோபுரச் சாயலில் ஜப்பானியக் கூரை வைத்து முடித்திருக்கிறார். நான் எத்தனையோ காண்ட்ராக்டர்களிடம் வேலை வாங்கியிருக்கிறேன், மூலை முடிப்பில்தான் ஆளைத் தெரியும். இந்த மூலைகளை அப்பாவிடம் காட்டுங்கள்.

இடுகாட்டுத் தூணும் அவர் கைவேலைதான், 1943. அதைச் சுற்றி மரக்கட்டை ஊன்றியது போல வேலி தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் சிமென்ட்! பட்டை, கணு எல்லாம் சிமென்ட்டிலேயே இழைத்திருக்கிறார். மரவாடிக்காரரை அங்கே நிறுத்தி என்ன மரம் என்று கேளுங்கள். முகாமில் இறந்தவர்கள் சுமார் 150 பேர். பெரும்பாலோரை எரித்துவிட்டார்கள், அங்கே புதைத்தது சிலரை மட்டும். தூணடியில் ஜனங்கள் காகிதக் கொக்கு, நாணயம் எல்லாம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆடிட்டோரியம் 1944இல் அடைபட்டவர்களே கட்டியது. பள்ளிக்கூட விழா, நாடகம், கூட்டம் எல்லாம் நடந்த இடம். மற்றதெல்லாம் போய் இது மட்டும் ஏன் மிஞ்சியது என்று கேட்டால், காரணம் சாதாரணமானது. 1945 நவம்பர் 21ஆம் தேதி முகாமை மூடினார்கள். போர் முடிந்த சமயம், மரத்துக்கு ஏகப்பட்ட தட்டுப்பாடு. பாரக்குகளை விற்றார்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வாங்கிப் பிரித்துப் பலகையும் சட்டமுமாக லாரியில் ஏற்றிப் போனார்கள். பக்கத்து ஊர்களில் சில முழுசாகவே வீடுகளாகிவிட்டன. ஆடிட்டோரியத்தை மட்டும் அந்த வட்டார நிர்வாகமான இன்யோ கவுன்ட்டி வாங்கி, முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் கொஞ்ச காலம் விட்டு, அப்புறம் ரோடு போடும் வண்டிகளை நிறுத்தும் ஷெட்டாக வைத்துக்கொண்டது. புல்டோசர் நிறுத்த இடம் வேண்டியிருந்ததால் பிழைத்த கட்டடம் அது! பராமரிப்பு என்று பெரிய கதை எதுவும் கிடையாது. 2004இலிருந்து அதற்குள்தான் தேசியப் பூங்கா சேவையின் கண்காட்சி இருக்கிறது. உள்ளே அடைபட்டவர்களின் பெயர்களை எழுதிய பெரிய திரை தொங்கும், அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள்.

இனி 'செட்டு' விஷயம். 14ஆம் பிளாக்கில் இருக்கும் இரண்டு பாரக்குகள் பிறகு கட்டியவை, பெண்கள் கழிப்பறையும் அப்படித்தான். காவல் கோபுரம் 2005இல் எழுப்பியது. அந்தக் காலத்தில் எட்டு இருந்தன. சாப்பாட்டுக்கூடம் ரெண்டுங்கெட்டான். போர்க்காலத்துக் கட்டடம்தான், ஆனால் பிஷப் என்ற ஊரின் விமான நிலையத்திலிருந்து 2002இல் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது. ஆக மரம் பழசு, இடம் புதுசு.

புதிதாகக் கட்டியதில் எனக்கு ஒரே ஒரு குறை. ரொம்ப நன்றாகக் கட்டிவிட்டார்கள். அசல் பாரக்குக்கு அடித்தது காயாத பைன் பலகை, மேலே தார்த்தாள். முகாம் இருக்கிற ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வெயிலில் பச்சை மரம் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். பலகை சுருங்கி இடைவெளி விட்டது, கணு கழன்று ஓட்டை விழுந்தது. காலையில் எழுந்தால் போர்வை மேல் மணல். டின் மூடிகளை எடுத்து ஓட்டைக்கு மேல் ஆணி அடித்து அடைத்திருக்கிறார்கள். குடும்பங்களை அழைத்து வந்து இறக்கியபோது பல இடங்களில் வேலையே முடிந்திருக்கவில்லை.

கழிப்பறையை மட்டும் திரும்பக் கட்டியது நியாயம் என்பேன். முதுகோடு முதுகாக வரிசையாகப் பீங்கான், நடுவில் தடுப்பே கிடையாது. அதைப் படத்தில் பார்ப்பது வேறு, உள்ளே போய் நிற்பது வேறு. என் சம்பந்தியம்மாள் மற்ற இடங்களில் வேகமாக நடந்தவர், அங்கே போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அசல் வேண்டும் என்றால் தரையைப் பாருங்கள். கழிப்பறை, சலவைக்கூடம் இவற்றின் சிமென்ட் தளம் பல பிளாக்குகளில் அப்படியே கிடக்கிறது. பெயர்த்து விற்க முடியாது அல்லவா! சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அடைபட்டவர்கள் அமைத்த குளம், கல் தோட்டங்களை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். 34ஆம் பிளாக் தோட்டம் வண்டிப் பாதையை ஒட்டியே இருக்கிறது. மேற்கே தள்ளி நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அதைக் கட்டிய ஆட்கள் ஈர சிமென்ட்டில் பெயரையும் தேதியையும் கீறி வைத்திருக்கிறார்கள். நல்ல எழுத்து. முழங்கால் வலிக்காரர் அங்கே போக வேண்டாம்.

பனைவெல்லம்:

ஓவர்சியர் ஐயா சொன்னதோடு இன்னொன்று. அசல் பாரக்கையே பார்க்க வேண்டும் என்றால் வயோமிங் போகணும். யெல்லோஸ்டோன் போகிறவர்கள் கோடி (Cody) என்ற ஊர் வழியாகப் போனால் ஹார்ட் மவுண்டன் வரும், அதுவும் இதே மாதிரி ஒரு முகாம்தான். முகாம் மூடியதும் அங்கே பாரக்குகளைப் புதிதாகக் குடியேறிய விவசாயிகளுக்குப் பேருக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அறுத்து இழுத்துப் போய் வீடாகவும் கொட்டகையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அதில் ஒன்று ஷெல் என்ற சிற்றூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் முகாமில் ரொம்ப நாள் இருந்து, 2015இல் திரும்ப வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் கொதிகலனின் செங்கல் புகைபோக்கியும் அங்கே இன்னும் நிற்கிறது. தூரத்திலிருந்தே தெரியும்.

தேன்சிட்டு:

இதைப் படிக்கும்போது ராஜஸ்தான் தேவ்லி ஞாபகம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் பிடித்த ஜப்பானியக் குடும்பங்களை ஆங்கிலேயர் முதலில் டெல்லி புரானா கிலாவிலும் பிறகு தேவ்லியிலும் வைத்திருந்தார்கள். அதே தேவ்லிக்குத்தான் 1962 சீனப் போரின்போது நம் அரசாங்கம் அஸ்ஸாம், வங்காளத்திலிருந்து சீன வம்சாவளி இந்தியர்கள் சுமார் 3000 பேரை ரயிலில் ஏற்றி அனுப்பியது. சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. இப்போது அந்த இடம் துணை ராணுவத்தின் கையில் இருக்கிறது. நாம் காரை நிறுத்தி இறங்கிப் பார்க்க முடியாது. அமெரிக்காக்காரன் 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் கொடுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் உங்கள் அப்பாவிடம்.

வண்டிச்சக்கரம்:

சரி, நான் இறங்கி நடக்கவே இல்லை என்பது உண்மை. ஆனால் ஐயா, பாரக்குகளைத் திரும்பக் கட்டாமல் தளத்தை மட்டும் விட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் அந்த இருபது நிமிடம்கூட நின்றிருக்க மாட்டோம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கோபுரம் இல்லாவிட்டால் அது வெறும் மேய்ச்சல் நிலம் மாதிரித்தான் தெரியும். என் சண்டை எல்லாம் அந்த வழவழ பலகையோடுதான்.

மரவாடி மகள்:

ரொம்ப நன்றி ஐயா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். பச்சைப் பலகையை அடித்தது யார், அந்த காண்ட்ராக்டருக்கு பில் பாஸ் செய்தது யார் என்று கேட்கிறார்! வண்டியிலேயே சுற்ற முடியுமா? ஏப்ரல் கடைசியில் போனால் கூட்டமாக இருக்குமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

பில் பாஸ் செய்த கதை எல்லா ஊரிலும் உண்டு, அவரை நேரில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம்.

வண்டிக்கென்றே மூன்று மைல் சொச்சம் சுற்றுப்பாதை இருக்கிறது. பிளாக் எண் எழுதிய பலகைகள் வரும், வேண்டிய இடத்தில் ஓரங்கட்டலாம். ஆடிட்டோரியத்திலிருந்து 14ஆம் பிளாக் பக்கம்தான், மெதுவாக நடந்துவிடுவார். இடுகாட்டுத் தூண் வரை கார் கிட்டத்தட்டப் போகும். நுழைவுக் கட்டணம் கிடையாது. இரண்டு மணி நேரம் தாராளம், ஆடிட்டோரியத்தில் எழுத்தெல்லாம் படிக்கிற ஆளாக இருந்தால் மூன்று வையுங்கள்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை வழக்கமாக யாத்திரை நாள். 1969இலிருந்து நடக்கிறது, உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பஸ் பஸ்ஸாக வருவார்கள். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளைத் தவிருங்கள். மனிதர்களோடு பேச வேண்டும் என்றால் அன்றைக்கே போங்கள். பெட்ரோலைப் பக்கத்து ஊரான லோன் பைனில் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்பது மைல்தான். காற்று பலமாக அடிக்கும், அப்பாவுக்குக் குல்லாவும் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.