இத்தாலி பையர் வீட்டுக்கு வராங்க, பிரியாணியோட என்ன ஒயின் வைக்கிறது?

சத்துவாச்சாரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். மே 1 லீவு அன்னிக்கு நைட் சாப்பாட்டுக்கு இத்தாலி பையர் ரெண்டு பேரு, எங்க டீம் ஆளுங்க எல்லாரும் வீட்டுக்கு வராங்க. சாப்பாட்டுல கவலை இல்ல, ஆம்பூர் மாஸ்டர் ஒருத்தர் மட்டன் பிரியாணி தம் போட்டுத் தரேன்னு சொல்லிட்டாரு, கூட எண்ணெய் கத்திரிக்கா, தயிர் பச்சடி, சிக்கன் 65. அவங்க ஊர்ல நைட் சாப்பாடுன்னா ஒயின் இருக்கும்னு மேனேஜர் சொல்றாரு, எனக்கு பீர் தாண்டி ஒண்ணும் தெரியாது. குடிக்கிறவங்க ஆறு பேரு, எத்தனை பாட்டில் வாங்கணும்? மட்டனுக்கு ரெட்தானாமே, அதையும் ரூம் டெம்பரேச்சர்ல தரணுமாமே, நம்ம ஊரு மே மாசத்துல அது எப்படிங்க? டீம்ல ரெண்டு பாய் வேற இருக்காங்க, அவங்க முன்னாடி பாட்டில் வைக்க சங்கடமா இருக்கு.

காட்பாடி_ஜங்ஷன்:
தலைவா மொதல்ல தேதிய பாரு, மே 1 டாஸ்மாக் லீவு. முந்தின நாளு மத்தியானம் 12க்கு கடை தொறந்ததும் போயிடு, சாயங்காலம் போனா கூட்டத்துல நின்னுகினே இருக்கணும். எலைட் கடைக்கே போ, சாதா கடைல ஒயின்னு கேட்டா தித்திப்பா போர்ட் ஒயின் எடுத்து நீட்டுவாங்க, அத வெச்சிகினு இத்தாலிக்காரன் மூஞ்ச எப்படிப் பாப்ப. சித்தூர் இன்னா தூரம்னு பார்டர் தாண்டிப் போயி வாங்கினு வந்துடாத, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்ல வண்டிய ஓரங்கட்டுவாங்க. அவங்க இன்னும் கெளம்பலன்னா ட்யூட்டி ஃப்ரீல ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் எடுத்துகினு வரலாம், கூச்சப்படாம கேளு.

குடியாத்தம்_ஸ்டூவர்ட்:
கப்பல்ல டைனிங் ஹால் வேலை பாத்தவன், தெரிஞ்சத சொல்றேன். 750 மில்லி பாட்டில்ல 150 வீதம் அஞ்சு கிளாஸ் வரும். சாப்பாட்டோட குடிக்கிறவங்களுக்கு ஆளுக்கு அரை பாட்டில் கணக்கு, ஆறு பேருக்கு மூணு, கைக்காவல் ஒண்ணு.

ரூம் டெம்பரேச்சர்ங்கறது ஐரோப்பாக்காரன் ரூமு தம்பி, 16லேர்ந்து 18 டிகிரி. நம்ம ஹால்ல மே மாசம் ராத்திரி ஒம்பது மணிக்கும் செவுத்துல கை வெச்சா சுடும், அந்தச் சூட்டுல ஊத்துனா ஸ்பிரிட் நெடிதான் மூக்குல ஏறும். ரெட்டா இருந்தாலும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க, ஒயிட்ட காலைலயே உள்ள வச்சிடுங்க.

மட்டனுக்கு ரெட்னு சொல்றது அவங்க ஊரு ரோஸ்ட்டுக்கு. ஆம்பூர் பிரியாணில காஞ்ச மொளகா அரைச்சு ஊத்துவாங்க, ரெட்ல இருக்கிற துவர்ப்பும் ஆல்கஹாலும் அந்த எரிச்சல இன்னும் தூக்கி விடும். லேசா இனிப்பு இருக்கிற ஒயிட் ஜில்லுனு போனா நாக்கு அடங்கும், சென்னின் பிளாங்க், ரீஸ்லிங் மாதிரி. நாசிக் சுலாலயே ரெண்டும் போடறாங்க, கடைல எது கெடைக்குதோ பாருங்க. அதனால அந்த மூணுல ரெண்டு ஒயிட், ஒரு ரெட் போதும், அந்த ரெட்டும் ஓக் பீப்பாய்ல ஊறுன கனமான சரக்கா வேணாம்.

நம்ம ஊர்ல கரண்ட்ட நம்ப முடியாது. அன்னக்கூடைல பாதி ஐஸ், பாதி தண்ணி, ரெண்டு கை கல்லுப்பு போட்டு பாட்டில கழுத்து வரைக்கும் முக்குங்க, இருவது நிமிஷத்துல ஆயிடும். வெறும் ஐஸ்ல நிக்க வச்சா பாட்டில முழுசா சுத்தி ஒட்டாது, லேட்டாகும். கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, நம்மாளுங்க பாசத்துல வழிய வழிய ஊத்துவாங்க, சூடாகிப் போயிடும். கார்க்ஸ்க்ரூ முன்னாடியே வாங்கி வைங்க, கடைசி நேரத்துல ஸ்க்ரூ டிரைவரால கார்க்க உள்ள தள்ளிட்டு முழிச்ச வீடுங்க நெறைய.

சேண்பாக்கம்_அக்கா:
அந்த ரெண்டு பாய்க்கும் போன் போட்டு, ஒயின் இருக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்க தம்பி. சில பேரு தனியா இருந்தா பரவால்லன்னுவாங்க, சில பேரு அந்த மேஜைலயே உக்கார மாட்டாங்க. வரலன்னா தப்பா எடுத்துக்காம இன்னொரு நாள் மதிய விருந்துக்குக் கூப்பிடுங்க. வராங்கன்னா பாட்டில மொட்டை மாடில தனி மேஜைல வச்சிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு கிளாஸ் மட்டும் வரட்டும். குடிக்காதவங்களுக்கு அதே மாதிரி நல்ல கிளாஸ்ல நன்னாரி சர்பத் குடுங்க, பிளாஸ்டிக் கப்புல பெப்சி ஊத்தி நீட்டுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஸ்வீட்டுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கினா அதோட ஒயின் வேணாம், அவ்ளோ தித்திப்புக்கு அப்புறம் குடிச்சா புளிக்கும். டிகாக்ஷன் காபி போடுங்க. குடிச்சவங்க திரும்பப் போக டிரைவரோட வண்டி சொல்லிட்டீங்களா?

பாலாறு_பாய்ஸ்:
இவ்ளோ கதை இன்னாத்துக்கு, காரத்துக்கு பீர வுட்டா வேற எதுவும் கெடையாது 😄

குடியாத்தம்_ஸ்டூவர்ட்:
@பாலாறு_பாய்ஸ் இல்லன்னு சொல்லல, நாலு பீரும் ஃபிரிட்ஜ்ல கெடக்கட்டும்.

சத்துவாச்சாரிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், 30ஆம் தேதி மத்தியானமே கடைக்குப் போறேன். அக்கா, வண்டிக்கு சொல்லிட்டேன், பாய்ங்களுக்கு இன்னிக்கு சாயங்காலம் பேசறேன். தொறந்த பாட்டில் மீந்தா எத்தனை நாள் தாங்கும்?

குடியாத்தம்_ஸ்டூவர்ட்:
கார்க்க திரும்ப அழுத்தி மூடி ஃபிரிட்ஜ்ல நிக்க வைங்க, ரெட்டோ ஒயிட்டோ மூணு நாளைக்கு நல்லா இருக்கும். வெளிய மட்டும் வச்சிடாதீங்க.