பாலி மொழியில் ‘மிக³’ என்றால் மானா, மிருகமா?

கேள்வி – தாராவி வாசிப்பு வட்டம், மும்பை:
ஜெய் பீம். ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்காகப் புத்தரின் முதல் போதனையான தம்மசக்கப்பவத்தன சுத்தாவைத் தமிழாக்குகிறோம். புத்தர் இருந்த இடத்தைச் சொல்லும் முதல் வரியிலேயே முட்டுகிறது: ‘இசிபதனே மிகதாயே’. ஒருவர் ‘மிருக வனம்’ என்கிறார், இன்னொருவர் ‘மான் பூங்கா’ என்கிறார். எது சரி? இன்னொன்று, அப்படியே அச்சடித்தால் ‘மிக’ நம் ஊர் ‘மிக’வாகவே வாசிக்கப்படுகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் – பாலி மாணவர், முலுண்டு:
‘மிருக வனம்’ வேண்டவே வேண்டாம். ‘ரிஷி’ பாலியில் ‘இசி’ ஆனது போல ‘ம்ருக’ ‘மிக’ ஆயிற்று. அதே சொல் தமிழுக்கு வந்து பொருள் விரிந்துவிட்டது; புலியும் மிருகம், பெண்டாட்டியை அடிக்கிறவனும் மிருகம். பாலியில் தனித்து வரும் ‘மிக’ பெரும்பாலும் மான்தான். பழைய பொருள் நம்மிடமும் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிருகசீரிடம் என்றால் மான் தலை. நிகண்டில் அதன் பெயரே மான்றலை. ஜூன் 7 வாக்கில் ‘ம்ருக்’ பிறந்தது, இனி மழை என்று இங்கே மராத்திக்காரர்கள் சொல்வதும் இந்த மானைத்தான்.

தப்பு நேர்ந்தால் எங்கே வலிக்கும் தெரியுமா? பாலி பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 66ஆவது, லடுகிகோபம சுத்தா. பிறர் கொடுத்ததை உண்டு, கவலையின்றி ‘மிகபூதேன சேதஸா’ வாழும் பிக்குகள் அதில் வருகிறார்கள். ‘மிருக மனத்தோடு’ என்று எழுதினால் புகழ்ச்சி வசவாகிவிடும். அடிபட்டாலும் மருந்து கிடைக்குமென்று மனிதர் இருப்பிடம் தேடாமல் காட்டுக்குள்ளேயே ஒதுங்கும் மான் என்று உரை விளக்குகிறது. எதையும் யாரிடமும் எதிர்பார்க்காத மனம். ‘மானைப் போன்ற மனத்தோடு’ என்று போட்டு, கீழே ஒரு வரி குறிப்புக் கொடுங்கள்.

பதில் – மாட்டுங்கா:
மேலே சொன்னது சரி, ஆனால் எங்கும் ‘மான்’ என்று மாற்றித் தள்ளிவிடாதீர்கள். ‘சீஹோ மிகராஜா’ என்று சிங்கம் வருகிறது; அதை மான்களின் அரசன் என்றால் கேட்பவர் சிரிப்பார். ‘சாகாமிக’ கிளைவாழ் விலங்கு, அதாவது குரங்கு. ‘மிகபக்கி’ என்று பறவையோடு சேர்ந்தால் பொதுவாக விலங்கும் பறவையும். கூட்டுச் சொல்லைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பொறி: ‘மிகாரமாது பாசாதே’, அதாவது மிகாரமாதாவின் மாளிகையில். இங்கே மானே இல்லை. மிகாரர் என்பது சாவத்தி நகரத்து வணிகர் பெயர், புத்தரின் உபாசிகை விசாகையின் மாமனார்; விசாகையைத்தான் மிகாரமாதா, மிகாரரின் தாய், என்பார்கள். ‘மானின் தாய்’ என்று எழுதிவிடாதீர்கள்.

விலங்கு என்ற பொதுப்பொருளுக்குப் பாலியில் வேறு சொல் உண்டு: ‘திரச்சான’. குறுக்காக, படுக்கை வாட்டத்தில் செல்வது என்று பொருள். தமிழ் ‘விலங்கு’ என்பதற்கும் குறுக்கானது என்றுதான் பொருள்! இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் வாய்த்திருக்கும்போது அதை ‘திரச்சான’வுக்கே ஒதுக்கி வையுங்கள்.

பதில் – பாலி மாணவர், முலுண்டு:
‘தாய’ பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. பாலியில் அது இரண்டு சொல்: ஒன்று காடு, மற்றது கொடை அல்லது பங்கு. நம் தாயம், தாயாதி எல்லாம் இரண்டாவதன் பக்கம். இங்கே காடு, வடமொழி பௌத்த நூல்களில் ‘ம்ருகதாவ’ என்றும் வரும், ‘தாவ’ என்றாலும் காடே. மான்களுக்கு அபயம் கொடுத்துவிட்ட இடம் என்பது உரை சொல்வது. அதன் பின்னணிக்கு, புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களில் 12ஆவதான நிக்ரோதமிகத்தைப் படியுங்கள். ‘பூங்கா’ என்றால் போரிவலி தேசியப் பூங்காவில் டிக்கெட் வாங்கி நுழைகிற நினைப்புதான் வரும். ‘மான்காடு’ போதும்.

அச்சுக்கு: பாராயணப் புத்தகங்களில் உள்ளது போல மேலெண் போடுங்கள், ‘மிக³தா³யே’ (³ வந்தால் ga, da என்ற ஒலி). வரிக்கு வரி போட்டால் கண் வலிக்கும். மூலப் பாலி வரிகளில் மட்டும் போதும். படம் வேண்டுமானால் அஜந்தா 1ஆம் குகையில் புத்தரின் பீடத்தில் சக்கரமும் இருபுறமும் மான்களும் இருக்கின்றன.

தாராவி வாசிப்பு:
‘மான்காடு’ என்றே மாற்றிவிட்டோம். ‘மிகவ’ என்று ஜாதகத்தில் அரசன் போகிறானே, அதுவும் மானா?

மாட்டுங்கா:
அது வேட்டை. எந்த விலங்கை அடித்தாலும் ‘மிகவ’தான்.