புதுப்பிப்பு: அம்மாவோட சுங்குடிச் சேலையில குயில்ட் தைச்சு முடிச்சிட்டேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, அம்மாவோட 4 பழைய மதுரை சுங்குடிச் சேலைய வெட்டி குயில்ட் (துணித் துண்டுகள இணைச்சு, நடுவுல பஞ்சு அடுக்கு வச்சுத் தைக்கற போர்வை) தைக்கலாமா, சாயம் ஓடுமான்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

நீங்க சொன்ன மாதிரியே வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தனித்தனியா நனைச்சுப் பாத்தேன், மூணு சேலைக்குப் பிரச்சனையே இல்ல, அந்த அரக்கு கலர் மட்டும் ஆறு தடவ அலசியும் தண்ணிய செவப்பாக்கிட்டே இருந்துச்சு. வெள்ளைத் துணி பக்கத்துல இத வச்சிராதேன்னு எங்க தையல் குழுவுல இருக்கற மலாய் அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க. அத அப்படியே மடிச்சு வச்சிட்டு சிங்கப்பூர் அரப் ஸ்திரீட் துணிக்கடையில அதே கலர்ல காட்டன் வாங்கிட்டேன்.

பழைய சேலை ரொம்ப மெலிசு, தைக்கறப்ப இழுத்துக்குது, அதனால பின்னாடி இன்டர்ஃபேசிங் (துணிய விறைப்பா வைக்கற ஒட்டுத்துணி) வச்சு அயர்ன் பண்ணி ஒட்டினப்புறம்தான் கால் இஞ்ச் தையல் நேரா வந்துச்சு. நம்ம ஊரு புழுக்கத்துக்கு, குயில்ட்டுக்கு உள்ள வைக்கற பேட்டிங் (பஞ்சு அடுக்கு) மெல்லிசு காட்டனா இருந்தா போதும், தடியா போடாதீங்க.

சனிக்கிழமை சமூக மன்றத்துல ரெண்டு மேசைய ஒண்ணா இழுத்துப் போட்டு அஞ்சு பேரு சேந்து மேல்துணி, பேட்டிங், அடித்துணி மூணையும் சேத்து நடுவுலேந்து வெளிய நோக்கி சேஃப்டி பின் குத்தினோம், தனியா செஞ்சிருந்தா கண்டிப்பா சுருக்கம் விழுந்திருக்கும்.

நேத்து அம்மாகிட்ட குடுத்தேன். ஒவ்வொரு கட்டமா தடவிட்டு, பச்சையில கை நின்னுச்சு, "இது நீ பொறந்தப்ப எடுத்தது"ன்னாங்க.